ஒன்றாம் சேனலில் ஒட்டியிருந்த டேப்

என் வீட்டுக்காரர் உதயாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் முதலில் அவருடைய கெட்ட பழக்கத்தைத்தான் சொல்வேன். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நொடி அப்படியே நின்று கேட்பார். பிறகு, "உங்க ஃபிரிட்ஜ் ரொம்ப இரையுது" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னார். பஜ்ஜித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு எரிச்சலான எரிச்சல். பெண் பார்க்க வந்தவன் பெண்ணை விட்டுவிட்டு ஃபிரிட்ஜைக் கேட்கிறானே என்று இருந்தது. அந்த எரிச்சல் தீராமலேயே கழுத்தை நீட்டினேன்.

நாங்கள் இரண்டு பேருமே கோலார் தங்கவயல். இரண்டு பேருடைய அப்பாக்களும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். பாறையில் துளை போடும் மெஷினுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காது என்னத்துக்கு ஆகும். எங்கள் லைன் வீடுகளில் ஆண்கள் எல்லோருக்கும் பாதிக் காதுதான். அதனால் பெண்களும் பிள்ளைகளும் கத்திக் கத்தியே பேசப் பழகினோம். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் குடும்பச் சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். சுரங்கத்தை மூடி, எல்லோரும் பெங்களூருக்கு வந்து, ஹொசூர் ரோட்டு ஓரமாக வாடகை வீடுகளில் குடியேறிய பிறகும் குரல் மட்டும் இறங்கவில்லை.

இந்தக் கூச்சல் கூட்டத்தில் பிறந்த மனிதருக்குச் சத்தம் இல்லாத இடம் என்றால் உயிர். வாரம் முழுக்க பொம்மசந்திராவில் தகடு அழுத்தும் மெஷின் பக்கத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் யாராவது ஒருவர் விழாவில் சவுண்டு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். மற்ற சவுண்டுக்காரர்கள் வந்ததும் பாட்டைப் போட்டுப் பார்ப்பார்கள். இவர் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, எதையும் போடாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கரண்டு வயரும் மைக் வயரும் ஒன்றாகப் படுத்திருந்தால் பிரித்து வைப்பார். சீரியல் லைட்டை வேறு பிளக்குக்கு மாற்றுவார். பக்கத்தில் யாராவது போன் சார்ஜர் போட்டால் பாம்பைக் கண்ட மாதிரி எழுந்து நிற்பார். "பேச்சு வர்றதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல ஒண்ணுமே வரக் கூடாது குமாரி. அதுதான் என் வேல" என்பார். ஒன்றுமே வராததைக் கேட்பதற்கு ஒரு மனிதர் இவ்வளவு பாடுபடுவாரா என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் அவர் அப்படிக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது பார்க்க நன்றாக இருக்கும். தூங்கும் குழந்தையின் முகம்.

எங்கள் குடும்பங்கள் பழைய பௌத்தக் குடும்பங்கள். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஹால் இருக்கிறது, அதைத்தான் விகாரை என்கிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சாயங்காலம் கூடுவோம். ஒருவர் மைக்கில் 'புத்தம் சரணம்' முதலான மூன்று சரணத்தையும் வரிவரியாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லுவோம். சொல்கிறவள் நான்தான். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே நான்தான். சாந்தகுமாரி என்று பெயர் வைத்தவர்கள் என் குரலைக் கேட்காமல் வைத்துவிட்டார்கள். எட்டு ஊருக்குக் கேட்கும்.

ஹாலுக்கு, மைக்கெல்லாம் செருகுகிற மிக்சர் பெட்டி வாங்கியபோது, முதல் மைக்குக்கான ஒன்றாம் சேனலை என் குரலுக்குத்தான் அவர் சரி செய்தார். ஒவ்வொரு மைக்குக்கும் சத்தத்தைக் கூட்ட இரண்டு இடம் உண்டு. மேலே ஒரு திருகு, அதற்கு கெய்ன் என்று பெயர். மைக்கிலிருந்து குரல் உள்ளே வரும் வாசல் அது. கீழே மேலும் கீழும் தள்ளுகிற கட்டை ஒன்று, அது ஃபேடர். உள்ளே வந்த குரலை எவ்வளவு வெளியே அனுப்புவது என்பதை அது பார்த்துக்கொள்ளும். வாசலிலேயே குரலை நிறைய வாங்கிக்கொண்டால் சுத்தமாக இருக்கும். வாசலைச் சின்னதாக வைத்துவிட்டு ஃபேடரைத் தள்ளித் தள்ளி ஏற்றினால், குரலோடு சேர்ந்து பெட்டியின் சொந்த இரைச்சலும் பெருகிக்கொண்டு வரும். என் குரலுக்கு வாசல் கொஞ்சம் திறந்தாலே போதும். அதற்கு மேல் திறந்தால் ஸ்பீக்கர் கதறும். ஆகவே கெய்ன் திருகை அடிமட்டத்தில் வைத்து, யாரும் கை வைக்காமல் இருக்க மேலே ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, அதில் 'குமாரி' என்று பேனாவால் எழுதிவிட்டார். எங்கள் ஜனம் எல்லோருமே கத்துகிறவர்கள் என்பதால் யார் பேசினாலும் அந்த அளவே சரியாக இருந்தது.

போன தை மாதம் எனக்குக் கழுத்தில் ஆபரேஷன். தைராய்டு கட்டி. குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, குரல் கொஞ்சம் அடங்கலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். கட்டி போனது. கூடவே குரலும் போனது. போனது என்றால் மொத்தமாக இல்லை. காற்று பாதி, குரல் பாதியாக நூல் மாதிரி ஒன்று வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாலும் திரும்பும், மெல்லப் பேசுங்கள், கிசுகிசுக்க மட்டும் வேண்டாம் என்றார்கள். வாயைத் திறந்தால் யாரோ ஒரு நோயாளிப் பெண் பேசினாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

இருந்தாலும் சித்திரைப் பௌர்ணமிக்கு மைக் முன்னால் போய் நின்றேன். நம் இடம், நம் ஜனம் என்ற தைரியம். முதல் வரி சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. இவர் அங்கே ஃபேடரை ஏற்றினார். ஸ்பீக்கரிலிருந்து தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு 'ஸ்ஸ்' கிளம்பிற்று. இன்னும் ஏற்றினார். ஸ்ஸ் பெரிதானது, நான் பெரிதாகவில்லை. பின்வரிசையில் யாரோ, "கேக்கல" என்று குரல் கொடுத்தார்கள். எங்கள் செயலாளர் ஜெயராமன் அண்ணன் எழுந்து, "சத்தமா சொல்லும்மா, நீயா இது" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை அவருக்கு. ஆனால் நான் மைக்கை விட்டு இறங்கி வந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது என்று சொல்வதில் என்ன வெட்கம், வந்தது.

அன்றிலிருந்து பேசுவதை விட்டேன். டாக்டர் சொல்லி இல்லை, நானேதான். கடையில் விரலால் காட்டுவேன். மாடிவீட்டு மமதா கன்னடத்தில் ஏதாவது கேட்டால் சிரித்து வைப்பேன். இவரைக் கூப்பிட வேண்டும் என்றால் கை தட்டுவேன். ஊர் முன்னால் 'ஏங்க', வீட்டுக்குள் 'யோவ்' என்று கூப்பிட்டு வாழ்ந்தவள், சமையலறையில் நின்று புறாவை விரட்டுகிற மாதிரி இரண்டு தட்டு. அவரும் எழுந்து வருவார்.

பேசாமல் இருந்தால் உலகம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. மத்தியான நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் மெட்ரோ தூண் மேல் ரயில் வழுக்கிக்கொண்டு போகும். அது போன பிறகு அதன் சத்தம் தனியாகக் கொஞ்ச தூரம் பின்னாலேயே போகும். மழைக்கு முன்னால் எதிர்வீட்டுத் தகரக்கூரை மெல்ல முனகும். எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதைப் போல. கனவில் அடிக்கடி தங்கவயலின் சயனைடு மேடு வந்தது. தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த சாம்பல் மணல் குன்று, மேலே வெறும் வானம். அதன் உச்சியில் என் பழைய குரல் மட்டும் நடந்துகொண்டிருக்கும். ஆள் கிடையாது, குரல்தான் நடக்கும். நான் கீழே நின்று கூப்பிடுவேன். கூப்பிடக் குரல் இருக்காது. அது திரும்பிப் பார்க்காமல் அந்தப் பக்கம் இறங்கிவிடும். விழித்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், இவர் தலையணையில் ஒரு காதைப் புதைத்துக்கொண்டு தூங்குவார்.

புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமிதான் எங்களுக்குப் பெரிய நாள். அதற்கு முந்தைய வாரம் ஜெயராமன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். படியேறும்போதே அவர் குரல் வந்துவிட்டது, ஆள் அப்புறம்தான் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"குமாரி, இதுல நீ முன்னே சொன்ன சரணம் எல்லாம் ரெக்கார்டு ஆகியிருக்கு. கணீர்னு இருக்கு. உன் எடத்த வேற யாருக்கும் குடுக்க எனக்கு மனசில்ல. நீ மைக்கு முன்னாடி நின்னு வாய மட்டும் அசை. உதயா இதப் போடட்டும். அது போதும், வேற ஒண்ணும் வேணாம்."

உதயா என்னைப் பார்த்தார். "அவ என்ன சொல்றாளோ அதுண்ணே" என்றார்.

நான் தலையாட்டினேன். சரி என்றுதான் ஆட்டினேன். வாயசைத்துவிட்டு வந்தால் இடமும் போகாது, மானமும் போகாது. இவர் பென்டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஜெயராமன் அண்ணனுக்கு டீ போட எழுந்து போய்விட்டார். வாழ்க்கையில் டீ போடாத மனிதர். அதில் சர்க்கரையும் இல்லை.

பௌர்ணமி அன்று மத்தியானமே நாங்கள் இரண்டு பேரும் ஹாலுக்குப் போய்விட்டோம். நான் விளக்குகளைத் துடைக்க, அவர் மிக்சரைச் சரிபார்க்க. மழை மூடிக்கொண்டு வந்திருந்தது. கீழே டயர் கடைக்கு லீவு. வெள்ளைத் துணி விரித்த ஹாலுக்குள் அந்த வெளிச்சம் பால் மாதிரி நின்றது. சித்திரையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் இங்கே வந்து அந்த இரைச்சலைத் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். மைக் வயர் புதிது. பிளக் போர்டு புதிது. மேடைக்கு மேலிருந்த ஃபேனைக்கூட நிறுத்திக் கயிறு கட்டி வைத்திருந்தார். யாரும் பேசாத மைக்கையெல்லாம் அடைத்து வைத்திருந்தார். ஆனால் ஒன்றாம் சேனல் ஃபேடரை உச்சிக்கு ஏற்றினால் அதே ஸ்ஸ்.

அதை இறக்கிவிட்டுப் பென்டிரைவைச் செருகினார்.

என் பழைய குரல் ஹாலுக்குள் வந்தது. எப்படிச் சொல்ல. கனவில் மேட்டில் நடந்துகொண்டிருந்ததே, அது நேராகப் படியேறி வந்து நடு ஹாலில் நின்ற மாதிரி. நிறைவாக, திமிராக, எதற்கும் பயப்படாமல். நான் விளக்குத் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். திரும்பி இவரைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். தூங்கும் குழந்தையின் அதே முகம். கன்னத்தில் ஈரம்.

எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லவில்லை, சக்களத்தியைப் பார்த்த மாதிரி எரிந்தது. இங்கே ஒருத்தி உயிரோடு நிற்கிறேன், இந்த மனிதர் போன ஒருத்தியை நினைத்து உருகுகிறாரா என்று இருந்தது. நேராக மேஜைக்குப் போய் பென்டிரைவைப் பிடுங்கினேன். ஹால் சட்டென்று காலியானது. அப்போதுதான் அந்த டேப் கண்ணில் பட்டது. ஒன்றாம் சேனலின் தலையில், அழுக்கேறி, ஓரம் சுருண்டு, 'குமாரி'.

இத்தனை வருஷம் சவுண்டுக்காரர் பெண்டாட்டியாக இருந்திருக்கிறேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது. வயரை மாற்றினார், போர்டை மாற்றினார், ஃபேனைக் கட்டினார். இந்தத் திருகை மட்டும் தொடவில்லை. என் குரல் சின்னதாகிவிட்டது, வாசல் மட்டும் பழைய குரலுக்கு வைத்த அளவிலேயே நிற்கிறது. பிறகு இரைச்சல் வராமல் என்ன வரும்.

நான் அந்த டேப்பை விரலால் தட்டிக் காட்டினேன். ஏன் என்று கையை விரித்தேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும் குமாரி" என்றார். "அன்னிக்கே தெரியும். அதப் பிரிச்சா உன் கொரலு போயிடுச்சுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்ல. கை வரல."

அடப்பாவி மனிதா. ஊர் முன்னால் நான் அவமானப்பட்டு இறங்கி வந்தது இவர் கை வராததாலா. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. டேப்பை நகத்தால் கிள்ளி ஒரே இழுப்பாக உரித்தேன். மேடைக்குப் போய் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு பேசினேன். பேசினேன் என்ன, திட்டினேன்.

"யோவ். நீயெல்லாம் ஒரு சவுண்டுக்காரனா."

நூல் குரல்தான். அவர் துள்ளி நிமிர்ந்தார். கை தானாக ஹெட்போனை மாட்டிக்கொண்டது. ஃபேடரை அதற்குரிய கோட்டில் நிறுத்திவிட்டு, மேலேயிருந்த திருகைப் பிடித்தார்.

"பேசு. நிறுத்தாத. சாயங்காலம் எவ்வளவு கொரல்ல சொல்லுவியோ அதே கொரல்ல பேசு."

"என்னத்தப் பேசறது. கேஸ் தீந்து போச்சுன்னு கை தட்டித் தட்டிக் காட்டுறேன், நீ பாட்டுக்கு தண்ணி கொண்டாந்து குடுக்கற."

"இன்னும்."

"ஜெயராமண்ணன் டீயில சக்கர இல்ல. அவரு மூஞ்சப் பாத்தியா நீ."

அவர் சிரித்துக்கொண்டே திருகைத் திருப்பினார். மிக்சரில் சின்னச் சின்ன விளக்குகள் பச்சையாக ஒன்றன் மேல் ஒன்று ஏறின. நான் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். வீட்டு ஓனர், மமதா வீட்டு நாய், மழையில் நனைந்த துணி, அவருடைய குறட்டை. அவர் திருப்பத் திருப்ப என் குரல் சத்தமாகவில்லை, கிட்ட வந்தது. கடைசியில் ஒரு இடத்தில் கையை எடுத்துவிட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. ஸ்ஸ் இல்லை. முனகல் இல்லை. ஹால் முழுக்க அந்த ஒன்றுமில்லாதது நிறைந்திருந்தது. வெளியே முதல் மழைத்துளி ஜன்னல் தகரத்தில் விழுந்தது எனக்குக் கேட்டது.

"புது டேப் ஒட்டலையா" என்று கேட்டேன். அது அவ்வளவு பெரிய ஹாலில் அவர் காதோரம் நின்று சொன்ன மாதிரி ஒலித்தது.

"வேணாம். அடுத்த மாசம் எப்படி இருக்கியோ அப்படி வெச்சுக்கலாம்."

சாயங்காலம் மழை விட்டு, நிலா ஈரத்தோடு மேலே வந்தது. ஹால் நிறைந்துவிட்டது. ஜெயராமன் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே பென்டிரைவ் ரெடியா என்று கேட்டார். பென்டிரைவ் என் கைப்பையில் இருந்தது. நான் மைக் முன்னால் நின்றேன். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்வரிசையில் அதே ஆட்கள். கடைசியில் மேஜைக்குப் பின்னால் அவர், ஹெட்போனோடு, கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு.

முதல் வரியைச் சொன்னேன்.

என் மூச்சுதான் முதலில் கேட்டது, அதற்குப் பின்னால் குரல். சின்னது. ஆனால் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து சொன்ன மாதிரி இருந்தது. விசிறி வீசிக்கொண்டிருந்த கைகள் நின்றன. யாரோ குழந்தையின் வாயிலிருந்த விசிலைப் பிடுங்கினார்கள். "கேக்கல" என்று யாரும் சொல்லவில்லை.

திருப்பிச் சொல்ல வேண்டியவர்கள் ஒரு கணம் தயங்கினார்கள். எப்போதும் டயர் கடை அதிரச் சொல்கிற ஜனம். அன்றைக்கு அவர்களால் கத்த முடியவில்லை. மெல்ல, எல்லோரும் சேர்ந்து, படுத்திருக்கிற ஒருவரை எழுப்பாமல் பேசுகிற மாதிரி சொன்னார்கள். அத்தனை பேர் அடக்கிச் சொன்னபோது அது அலை மாதிரி வந்து என் காலைத் தொட்டுவிட்டுப் போனது. நான் அடுத்த வரியைச் சொன்னேன். எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோய், சரணம் முடிந்த பிறகுதான் ஸ்டாண்டை எப்போதோ விட்டிருந்ததைக் கவனித்தேன்.

முடிந்ததும் ஜெயராமன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மைக்கை வாங்கினார். எப்போதும் போல நெஞ்சை நிமிர்த்தி, "எல்லாரும் இருந்து பாயசம்..." என்று ஆரம்பித்தார்.

ஸ்பீக்கர் வெடித்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணனே இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"உதயா, கொஞ்சம் கம்மி பண்ணுப்பா."

உதயா இடத்தை விட்டு அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கம்மி பண்ண மாட்டேண்ணே. அது அவ லெவலு. நீங்க எறங்கி வாங்க."

அண்ணன் முழித்தார். தொண்டையைக் கனைத்தார், அதுவும் இடி மாதிரி விழுந்ததும் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் கடன் கேட்கிற குரலில், "பாயசம் இருக்கு. எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். இவ்வளவு மிருதுவாகப் பேச அவருக்கு வரும் என்று அவர் மனைவிக்கே தெரியாது போல, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலே சிரித்தது.

கூட்டம் பாயசத்துக்கு வரிசை கட்டிற்று. நான் ஒரு கப்பை வாங்கிக்கொண்டு மேடையோரம் நின்றேன். அவர் மேஜைக்குப் பின்னால் வயர் சுருட்டுவதற்காகக் குனிந்திருந்தார். இரண்டு கையும் தட்டலாம் என்று கப்பைக் கீழே வைக்கப் போனேன். வைக்கவில்லை. மைக்குப் பக்கம் திரும்பினேன்.

"யோவ், பாயசம் ஆறுது" என்றேன்.

ஊர் முன்னால் என்றைக்கும் ஏங்க என்று கூப்பிடுகிறவள். ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் வயரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஒன்றாம் சேனல் இன்னும் திறந்தே இருந்தது. அது எனக்குத் தெரியும்.